காத்திருப்பு நாட்டின் சட்டப் புத்தகம்

சென்ற மாதம் ஒரு பாடசாலைத் தமிழ் மன்றத்தினர் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருக்கும்படி என்னைக் கேட்டிருந்தனர். பத்தாம், பதினோராம் தர மாணவர்களுக்கான போட்டி. 'புதிய நாடு ஒன்றை நான் அமைத்தால் அதன் சட்டங்கள்' என்பது தலைப்பு. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவரும் சட்டத்தரணி ஒருவரும் ஏனைய இரு நடுவர்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இளம் ஆசிரியர் ஒருவர் 43 கட்டுரைகள் கொண்ட கோவையை வீட்டில் தந்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் புள்ளியிட்டுக் கொடுக்கவேண்டும்.

முதியவர்களுக்குப் பிள்ளைகளின் கையெழுத்தைப் படிப்பதில் தனி இன்பம் உண்டு. அந்த நினைப்போடுதான் விறாந்தையில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். பத்துக் கட்டுரைகள் முடிவதற்குள் அந்த இன்பம் போய்விட்டது. போதைப்பொருள் விற்பவனுக்குத் தூக்கு. இலஞ்சம் வாங்குபவனுக்குக் கையை வெட்டுதல். பொலித்தீன் பையை வீதியில் எறிபவருக்கு 1 இலட்சம் ரூபா தண்டம். பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு ஆயுட் சிறை. ஒரு மாணவன் தன் நாட்டின் சிறைச்சாலைகள் எங்கெங்கே அமையும் என்று வரைபடமே கீறியிருந்தான். பாடசாலைகளைக் குறிக்க அதில் இடம் போதவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த நாடு அப்படிப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் 'நான் ஆணையிடுவேன்', 'நான் தடைசெய்வேன்' என்றே நடந்தன. அந்நாடுகள் அனைத்திலும் எழுதியவரே அரசர். அந்த நாட்டில் பேருந்துக்குக் காத்து நிற்கும் ஒருவராகத் தம்மை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

27 ஆவது கட்டுரை ஒரு மாணவியுடையது. ஒன்றரைப் பக்கந்தான். குப்பையை வீதியில் கொட்டினால் 5,000 ரூபா தண்டம் என்று தொடங்கியிருந்தாள். அடுத்த வரியிலேயே தடுமாற்றம். ஐயாயிரம் இல்லாதவர் என்ன செய்வார்? அவரை மறியலில் போட்டால் அவருடைய வீட்டில் உள்ளவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? தண்டத்தைக் குறைத்தால் பணக்காரர் தினமும் கொட்டுவாரே? இவ்வாறு கேட்டுக்கொண்டே போய், இதற்கு எப்படிச் சட்டம் எழுதுவது என்று தனக்குத் தெரியவில்லை என நிறுத்திவிட்டாள். மிகுதித் தாள் வெறுமையாக இருந்தது.

அந்தத் தாளைப் புறம்பாக எடுத்து வைத்தேன். அன்று இரவு நித்திரை வரவில்லை. 22 வயதில் நானும் ஒரு நாட்டுக்குச் சட்டம் எழுதியவன். அந்தக் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

1971 ஏப்ரல். 5 ஆம் திகதி இரவு ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்து நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டிருந்த நாட்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பக்கங்களைக் கட்டி, படி எடுத்து, ஊரடங்கு அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஊழியர் ஒருவர் வாகனத்தில் தணிக்கை அதிகாரியிடம் கொண்டு போவார். அவர் திரும்பி வரும்வரை எங்களுக்கு வேலை இல்லை. சில நாள் இரண்டு மணித்தியாலம், சில நாள் விடிந்துவிடும். வீட்டுக்கும் போக முடியாது. பத்திரிகைத் தாள் கட்டுகளின் மேல் படுத்திருப்போம். வெட்டுப்படும் இடங்களை நிரப்புவதற்கென்றே சமையற் குறிப்புகளை முன்கூட்டியே அச்சுக் கோத்து வைத்திருப்போம். அந்த மாதத்தில் எங்கள் வாசகர்கள் கத்தரிக்காய்க் குழம்பை எத்தனை விதமாக வைக்கலாம் என்று நன்றாகக் கற்றிருப்பார்கள்.

அது நாடே புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்த காலமுமாகும். 1970 யூலை 19 ஆம் திகதி நவரங்கஹலவில் கூடிய அரசியல் நிர்ணய சபை தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தது. ஆகவே காற்றில் எங்கும் உறுப்புரைகளும் உபபிரிவுகளும் மிதந்தன. ஒரு நள்ளிரவு, நீதிமன்றச் செய்தியாளராக இருந்த நண்பர், "அவை எழுதினால் நாங்களும் எழுதலாந்தானே" என்றார். அப்படிப் பிறந்தது எங்கள் நாடு. காத்திருந்த வேளையில் பிறந்ததால் அதற்குக் 'காத்திருப்பு நாடு' என்று பெயர். பழைய படித்தாள்களின் பின்புறமே அதன் சட்டப் புத்தகம்.

ஆளுக்கொரு துறையை எடுத்துக்கொண்டோம். அச்சுக்கோப்பாளர் ஒருவர் முதலாவது சட்டத்தை முன்மொழிந்தார்: அமைச்சராக வருபவரின் பெயர் ஐந்து எழுத்துக்கு மேற்படலாகாது. ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்காத பெயர்களோடு ஆண்டுக்கணக்காக மல்லாடியவரின் நியாயமான கோரிக்கை அது, ஏகமனதாக நிறைவேறியது. விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்தவர், தேர்தலை டெஸ்ட் போட்டி போல ஐந்து நாள் நடத்தவேண்டும், தேநீர் இடைவேளையும் வேண்டும் என்றார். பிளேன்ரீ கொண்டுவரும் பையன், கடன் கொப்பியில் பெயருள்ளவர் வாக்களிக்கத் தகுதியற்றவர் என்று ஒரு சட்டம் சொன்னான். அது நிறைவேறியிருந்தால் ஆசிரியபீடத்தில் ஒருவருக்கும் வாக்குரிமை எஞ்சியிராது. ஒருமனதாக நிராகரித்தோம்.

பத்திரிகைத் துறை என் பொறுப்பு. விளையாட்டாகத் தொடங்கியதை நான் மட்டும் விளையாட்டாக எடுக்கவில்லை. ஊரில் அப்போது எத்தனையோ வதந்திகள். வதந்தியை நம்பி மனிதர் சாகிறார்கள் என்பதை அந்த மாதம் கண்டிருந்தேன். நல்ல தமிழில், உறுப்புரை இலக்கமிட்டு எழுதினேன். பொய்ச் செய்தி வெளியிடும் ஆசிரியருக்கு 2 ஆண்டு கடூழியச் சிறை. செய்தி பொய்யா மெய்யா என்பதைக் கற்றறிந்த, நேர்மையான ஐவரைக் கொண்ட சபை தீர்மானிக்கும். அந்த ஐவரை நாட்டின் தலைவர் நியமிப்பார். வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

மூலையில் ஒப்புநோக்காளர் இருந்தார். வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களுக்கு 'மாஸ்டர்'. வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்ப்பது போலப் படிப்பார். அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, அந்த ஐஞ்சு பேரும் பிழை விட்டால் ஆர் திருத்துறது?" என்றார்.

"நேர்மையான ஆக்களைத்தானே மாஸ்டர் போடுறது."

"நேர்மையான ஆக்கள் பிழை விடுறேல்லையோ? நான் நேர்மையான ஆள். நேற்று ஒரு 'ள'கரம் விட்டனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "நீர் இதை அந்த ஐஞ்சு பேரிலை ஒராளா இருந்து எழுதியிருக்கிறீர். பிடிபடுற ஆளா இருந்து ஒருக்கால் எழுதிப் பாரும்" என்றார்.

வெளியே ஊரடங்கு. எங்கள் பக்கங்கள் ஓர் அதிகாரியின் நீலப் பென்சிலுக்குக் கீழே கிடந்தன. அவை திரும்பி வருமா என்று காத்துக்கொண்டிருந்த அதே மேசையில், என் சொந்தக் கையால், இன்னுமோர் ஐந்து நீலப் பென்சில்களை நான் உண்டாக்கியிருந்தேன். அது அந்நேரம் என் புத்திக்கு எட்டவேயில்லை. அவர் கிழவர், எதற்கும் குறை காண்பவர் என்றே நினைத்தேன். சிறிது நேரத்தில் பக்கங்கள் வந்துவிட்டன. முதற் பக்கத்தில் அரைவாசி போயிருந்தது. கத்தரிக்காயை எடுத்தோம்.

தோமஸ் மோரின் நூலை வாசிக்கும்படி சில நாட்களின் பின் மாஸ்டர்தான் சொன்னார். கற்பனை நாடுகளுக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்ட 'யூட்டோப்பியா' 1516 இல் லூவன் நகரில் இலத்தீனில் அச்சானது. எழுதியவர் லண்டனில் பெயர்பெற்ற சட்டத்தரணி. ஆனால் அவர் படைத்த தீவில் சட்டத்தரணிகளே இல்லை. சட்டங்கள் மிகச் சில. எவரும் விளங்கிக்கொள்ளக் கூடியவை. தன் வழக்கைத் தானே பேசவேண்டும். நாளுக்கு 6 மணித்தியால வேலை. வீடுகளுக்குப் பூட்டில்லை, பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு வீடு மாறவேண்டும். மலசலப் பாத்திரமும் அடிமைகளின் விலங்கும் பொன்னால் ஆனவை. பொன் மீது எவருக்கும் ஆசை வராதிருக்க அந்த உபாயம். முதல் வாசிப்பில் மயங்கிப் போனேன்.

பல ஆண்டுகளின் பின் மீண்டும் படித்தபோது வேறு இரண்டு விதிகள் கண்ணில் பட்டன. ஒன்று, பயண அனுமதி. யூட்டோப்பியாவில் வேறு நகரத்துக்குப் போகவேண்டுமானால் அதிகாரிகளின் அனுமதி வேண்டும். திரும்பும் நாள் குறித்த கடிதத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும். கடிதமின்றிப் பிடிபட்டால் இழிவும் தண்டனையும்; இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமை. முதல் வாசிப்பில் இதை ஒரு நிர்வாக ஒழுங்கு என்று கடந்து போயிருந்தேன். இரண்டாவது வாசிப்பு வவுனியாவில் 'பாஸ்' வரிசையில் நின்று பழகிய பின்னர் நிகழ்ந்தது. எத்தனை நாளைக்கு, யார் வீட்டில், ஏன், பொறுப்பாக நிற்பவர் யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பதில் வைத்துக்கொண்டு, அதை மழையில் நனையாமல் சட்டைக்குள் மறைத்தவனுக்கு மோரின் அந்த ஒரு பந்தியைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. இடைக்காலத்தில் புத்தகம் மாறவில்லை. நான் வரிசையின் மறுபக்கத்துக்கு வந்திருந்தேன்.

மற்றையது இன்னும் பயங்கரமானது. ஆட்சி மன்றத்துக்கும் மக்கள் சபைக்கும் வெளியே பொது அலுவல்களைப் பற்றிக் கூடி ஆலோசிப்பது யூட்டோப்பியாவில் மரண தண்டனைக்குரிய குற்றம். மோரின் நோக்கம் தீயதன்று. ஆளுவோர் இரகசியமாகக் கூடிச் சதி செய்து கொடுங்கோலராகிவிடக் கூடாது என்பதே காரணம் என்று அவரே சொல்கிறார். ஆனால் விதி எழுதப்பட்டிருக்கும் விதத்தில், அந்த 1971 ஏப்ரல் இரவில் அச்சுக்கூட மேசையைச் சுற்றியிருந்த அனைவரும், பிளேன்ரீப் பையன் உட்பட, தூக்குக்குரியவர்கள். மோர் 1529 இல் இங்கிலாந்தின் லோர்ட் சான்சலர் என்ற உயர் சட்டப் பதவியில் அமர்ந்தார். 1532 இல் விலகினார். 1535 யூலை 6 ஆம் திகதி அரச துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டார். அரசனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்று ஒரு சத்தியம் செய்ய மறுத்ததே அவர் செய்தது. தான் படைத்த தீவில் அவர் பிறந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பாரா என்று நான் சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

மோர் தன் நாட்டைக் காகிதத்தோடு விட்டுவிட்டார். அதை வாசித்துவிட்டு உண்மையாகவே நாடு கட்டப் புறப்பட்ட ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் அவர் நமது தொழிலைச் சேர்ந்தவர்.

எத்தியென் கபே 1788 இல் பிரான்சின் டிஜோனில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1830 புரட்சியின் பின் கோர்சிக்கா தீவில் அரச வழக்குரைஞராகவும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1833 இல் 'லு பொப்புலேர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் எழுதியவற்றுக்காக அடுத்த ஆண்டே அரசு அவரைத் தண்டித்தது. சிறைக்குப் பதிலாக இங்கிலாந்தில் ஐந்தாண்டு அஞ்ஞாதவாசம். அங்கேதான் மோரின் நூல் அவர் கைக்கு எட்டியது. திரும்பி வந்து 1840 இல் 'இகாரியாவுக்கு ஒரு பயணம்' என்ற நூலை வெளியிட்டார். அதில் இகாரியா என்ற நாட்டின் சட்டங்கள் அனைத்தும் நுணுக்கமாக வகுக்கப்பட்டுள்ளன. 100 மாகாணங்கள், ஒவ்வொன்றிலும் 10 ஊர்கள். தனிச் சொத்து இல்லை, பணம் இல்லை. யாருக்கு என்ன உடை என்பதற்கு விதி. எத்தனை வேளை, எந்நேரம், எத்தனை கறி என்பதையும் அறிஞர் குழு தீர்மானிக்கும்.

பத்திரிகை? இருக்கிறது. ஊருக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று. எல்லாம் அரசினுடையவை. ஆசிரியர்கள் தெரிவு செய்யப்பட்ட அலுவலர்கள். அவர்கள் நடந்ததை மட்டும் பதிவு செய்வார்கள், கருத்துச் சொல்லமாட்டார்கள். குடியரசு அனுமதித்த நூல்களே அச்சாகும். பழைய தீய நூல்கள் எரிக்கப்பட்டுவிட்டன.

கருத்துச் சொன்னதற்காக நாடு கடத்தப்பட்ட ஒரு பத்திரிகையாளன், அந்த நாடு கடத்தலில் இருந்துகொண்டே, கருத்துச் சொல்ல முடியாத நாட்டை இலட்சிய நாடாக எழுதினான். இதை முதலில் அறிந்தபோது, என் மேசையில் யாரோ விளக்கைப் போட்டது போல இருந்தது. கபே வஞ்சகர் அல்லர். ஏழைத் தொழிலாளருக்காக வாழ்ந்தவர். இகாரியாவில் அநீதியே இராது, ஆகவே அதை எதிர்த்து எழுதவேண்டிய தேவையும் இராது என்று மனதார நம்பினார். அவர் எழுதும்போது தம்மை இகாரியாவின் ஆசிரியராகக் கண்டார். பிழையான செய்தியால் பெயர் கெட்டு, அதை மறுக்க ஒரு மூலைப் பத்திகூடக் கிடைக்காத இகாரியக் குடிமகனாகத் தம்மைக் காணவில்லை.

கதை அதோடு முடியவில்லை. நூலுக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைவினைஞர்கள். 1847 இல் தம் பத்திரிகையில் இகாரியாவுக்குப் போவோம் என்று அறைகூவல் விடுத்தார். 1848 பெப்ரவரி 3 ஆம் திகதி லு ஆவர் துறைமுகத்திலிருந்து 69 பேர் கொண்ட முதற் குழு டெக்சாசுக்குக் கப்பலேறியது. மூன்று வாரத்தில் பாரிசில் புரட்சி வெடித்து மன்னராட்சி வீழ்ந்தது. புதிய நாடு தேடிப் போனவர்கள் நடுக்கடலில் நிற்க, விட்டு வந்த நாடே புதிதாகிவிட்டது! டெக்சாசில் கிடைத்த நிலம் துண்டு துண்டாக இருந்தது. மலேரியா வந்தது. சிலர் மாண்டனர், ஏனையோர் நியூ ஓர்லியன்சுக்குத் திரும்பினர். 1849 இல் கபேயும் வந்து சேர, மோர்மன் சமயத்தவர் விட்டுச் சென்றிருந்த இலினோய் மாநிலத்து நோவூ நகரில் குடியேறினார்கள்.

அங்கே சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பாடசாலை, அச்சகம், பொதுச் சாப்பாட்டு மண்டபம் எல்லாம் இருந்தன. தலைவர் ஆண்டுதோறும் தெரிவு செய்யப்படவேண்டும் என்பது அவர்களின் சட்டம். கபேயே ஆண்டுதோறும் தெரிவானார். நாள் செல்லச் செல்ல அவர் விதிகளைக் கூட்டினார். புகையிலை கூடாது, மது கூடாது, வேலைநேரத்தில் பேசக்கூடாது. 1855 டிசம்பரில் சட்டத்தையே மாற்ற முனைந்தார். தலைவருக்கு நான்காண்டுப் பதவிக்காலமும் கூடிய அதிகாரமும் வேண்டும் என்றார். பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். சமூகம் இரண்டாகப் பிளந்தது. கபேயின் ஆட்கள் வேலைக்குப் போக மறுக்க, மறுதரப்பினர் உழைக்காதவருக்கு உணவில்லை என்று மண்டபத்தில் அவர்களுக்குச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். இறுதியில் இகாரியாவைப் படைத்தவரை இகாரியர்களே வெளியேற்றினார்கள். தம்மைப் பின்பற்றியவர்களோடு சென் லூயிஸ் நகருக்குப் போன கபே, 1856 நவம்பரில் அங்கே இறந்தார். அயோவா மாநிலத்தில் இருந்த கடைசி இகாரியக் குடியேற்றம் 1898 வரை நீடித்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. சாப்பாட்டை நிறுத்தியவர்களை நான் மெச்சவில்லை. ஆனால் அந்தக் கிழவர், அறுபத்தெட்டு வயதில், தம் சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட ஆளாக முதன்முறை நின்றார். அந்த நாளைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று அறிய எனக்கு ஆசை.

எங்கள் நாட்டு விடயத்துக்கு வருகிறேன். அரசியல் நிர்ணய சபை எழுதிய அரசியலமைப்பு 1972 மே 22 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்த கொல்வின் ஆர். டி சில்வா பெரும் சட்ட மேதை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைத் துணிவோடு எதிர்த்த கட்சியின் தலைவர்களுள் ஒருவர். அவர் காலத்தில் எழுதப்பட்ட அரசியலமைப்பில்தான் சிங்களத்தின் இடம் மேலும் உறுதியாக்கப்பட்டது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவில் இருந்த பாதுகாப்பும் இல்லாமற் போனது. தமிழரசுக் கட்சி 1971 யூனிலேயே சபையை விட்டு விலகியிருந்தது. பாதிக்கப்படப்போகிறவர்களின் கதிரை வெறுமையாக இருக்க, கெட்டிக்காரர்கள் இருந்து எழுதி முடித்தார்கள். அடுத்த ஆண்டு, 1973 இல், பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்தது. அமைச்சரவை நடவடிக்கைகளை வெளியிடுவதும் அதன்படி குற்றமானது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நான் எழுதிய குறிப்புகள் மிகவும் காரசாரமானவை. என் மேசை இலாச்சியில் காத்திருப்பு நாட்டின் சட்டப் புத்தகம் அப்போதும் இருந்தது. மாஸ்டர் அதை நினைவூட்டியதில்லை. அவர் பெருந்தன்மை.

அந்தத் தாள்கள் 1983 யூலையில், நான் குடியிருந்த வீட்டோடு எரிந்தன. எரிந்தவற்றில் அவற்றை நான் கடைசியாகத்தான் நினைத்தேன்.

மனப்பாடமாக இருந்தபடியால் போலும், 2024 சனவரியில் நாடாளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அதன் வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் திடீரெனக் கை நடுங்கியது. பொய்யான கூற்று. அதைத் தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு. உறுப்பினர் ஐவர். நியமிப்பவர் சனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் என்ற ஒன்று மட்டும் என் சட்டத்தில் இல்லாதது. 53 ஆண்டுகளுக்கு முன் நான் படித்தாளின் பின்புறம் எழுதியதை யாரோ ஒப்புநோக்கிச் சுத்தப் பிரதி எடுத்தது போல இருந்தது. அதை எதிர்த்து நடந்த கூட்டமொன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஆனால் ஏனையோர் போல, இதை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நல்லெண்ணத்தோடு எழுத முடியும் என்பதற்கு நானே சாட்சி.

தென் இத்தாலியில் லொக்ரி என்ற பழைய கிரேக்க நகரம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி டெமொஸ்தெனீஸ் ஒரு வழக்குரையில் சொல்கிறார். அங்கே புதுச் சட்டம் முன்மொழிபவர் கழுத்தில் சுருக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு வரவேண்டும். சட்டம் ஏற்கப்பட்டால் உயிர். நிராகரிக்கப்பட்டால் கயிறு இறுக்கப்படும். ஆகவே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே ஒரு புதுச் சட்டந்தான் வந்ததாம். கண்ணுக்குக் கண் என்பது அவ்வூர்ச் சட்டம். ஒற்றைக் கண்ணன் ஒருவனை அவன் பகைவன் மிரட்டினான்: உன் கண்ணைப் பிடுங்குவேன், எனக்கு ஒரு கண்தானே போகும் என்று. ஒற்றைக் கண்ணன் கயிற்றை மாட்டிக்கொண்டு சபைக்குப் போனான். ஒற்றைக் கண்ணனின் கண்ணைப் பறிப்பவனுக்கு இரு கண்ணும் போகவேண்டும் என்று கேட்டான். சபை ஏற்றுக்கொண்டது. முதற் சட்டத்தை எழுதியவர் இரண்டு கண்ணுள்ளவராக இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். அவருக்கு அது விடுபட்டதே தெரிந்திராது.

நம் நாட்டில் தண்டனை பெற்று மறியலுக்கு அனுப்பப்படுவோரில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். வெசாக் காலப் பொது மன்னிப்பில் விடுதலையாகிறவர்களின் பட்டியலிலும் அவர்களைக் காணலாம். அந்த மாணவிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலேயே அவள் அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டாள்.

புள்ளியிடும் திட்டத்தில் 'முழுமை'க்கு 20 புள்ளி ஒதுக்கப்பட்டிருந்தது. நடுவர் மூவரும் கூடியபோது, அவளுக்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்றேன். சிறைச்சாலை வரைபடம் கீறிய பையனுடைய கட்டுரைக்கே மற்றவர்கள் முதலிடம் கொடுத்திருந்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்பது உண்மைதான். கல்வி அதிகாரி பொறுமையாகச் சொன்னார்: "ஐயா, பிள்ளை கட்டுரையை முடிக்கேல்லை. தெரியாது எண்டு எழுதினதுக்கு எப்பிடிப் புள்ளி போடுறது?" சட்டத்தரணி அந்தத் தாளை வாங்கி இரண்டாந் தரம் படித்தார். பிறகு தன் புள்ளியில் ஒரு சிறு திருத்தம் செய்தார். அவள் ஏழாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வந்தாள்.

பரிசளிப்பு அடுத்த மாதம். மூன்றாம் பரிசு ஓர் அகராதி என்று சொன்னார்கள்.